மகள் பள்ளிக்குச் சொல்லிக்கொடுக்கப் போகட்டும்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மூன்றாம் வருடம் மெக்கானிக்கல் படிக்கிற மகள், கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிற நேரத்தில் ஊர் அரசுப் பள்ளிக்குப் போய் அறிவியல் சொல்லித்தரப் போகிறேன் என்கிறாளே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கிப் படிக்கவைக்கிற வீட்டில் அந்தப் பயம் வரத்தான் செய்யும். இருந்தாலும் அவள் போகட்டும்.

இன்டர்வியூவில் சூத்திரத்தை ஒப்பித்துவிட்டு, ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்டதும் வாயடைத்துப் போகும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்பித்தல் எடுபடாது. புரியவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் மேலே எழுகிறது. அவ்வளவு கனத்தை மோட்டார் எப்படித் தூக்குகிறது? முழுக் கனமும் மோட்டாரின் தலையில் விழுவதில்லை. கோபுரங்களில் தொங்கும் எதிரெடைகள் பெரும்பகுதியைச் சமன் செய்துவிடுகின்றன. கிணற்றுக் கப்பி, கயிறு, இரண்டு மணல் பை போதும், வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு பையிலிருந்து கைப்பிடி மணலை எடுத்ததும் அடுத்த பை இறங்கும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ஆட்கள் கையால் இயக்கித்தான் வழி திறந்தார்கள் என்பதையும் சொன்னால், கேள்விகள் தானாக வரும்.

சரி, நிபந்தனைகள். மாதம் இரண்டு நாள் போதும். செமஸ்டர் தேர்வு நேரத்தில் வேண்டாம். முதலில் தலைமை ஆசிரியரைப் பார்க்கட்டும். 6 முதல் 8ஆம் வகுப்புக்கு 2022-இல் தமிழக அரசு தொடங்கிய அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டமான வானவில் மன்றம் அங்கே நடந்தால், அதன் செய்முறைகளோடு சேர்ந்துகொள்ளலாம். ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிட வேண்டும், அது அவள் வேலை இல்லை. ரெஸ்யூமேயில் ‘தன்னார்வலர்’ என்று மட்டும் போடாமல், என்ன செய்முறை, எத்தனை வகுப்பு என்று எழுதட்டும். ஆப்டிட்யூட் பயிற்சிக்கு இது ஈடாகாது. அது தினமும் நடக்க வேண்டும்.

அப்புறம், அவள் அப்பா விசைப்படகில் போகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, அதுவரை விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளி திறந்ததும் அதற்குள் ஒருநாள் அவரையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நடுக்கடலில் இன்ஜின் சூடேறினால் முதலில் எதைப் பார்ப்பார் என்பதை அவர் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும்.