தையல் மெஷினும் அடுப்பும்: இடையில் ஓய்வுக்கு எங்கே நேரம்?

கேள்வி: நான் கோண்டாவிலில் வீட்டோடு இருந்து தையல் வேலை செய்கிறேன். விடிய ஐந்து மணிக்கு அடுப்படியில் தொடங்கும் நாள் இரவு பதினொரு மணிக்கு மெஷினில்தான் முடிகிறது. தேத்தண்ணி குடித்துக் குடித்துத்தான் இரவு வேலை ஓடுகிறது. தோள்மூட்டு உளைவு மாறுவதேயில்லை. இரவில் தைத்ததை விடியப் பிரித்துத் தைக்கிறேன். பிள்ளைகளிலும் எரிந்து விழுகிறேன். சற்று நேரம் சும்மா இருந்தால் குற்றம் செய்வதுபோல் இருக்கிறது. பகலில் படுத்தால் வீட்டுக்கு மூதேவி என்கிறார் மாமி. ஓய்வு வேண்டும் என்று நினைப்பது சோம்பலா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஓய்வு தேடும் உங்கள் மனதைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இரவில் தைத்ததை விடியப் பிரிக்கிறேன் என்ற உங்கள் வரியே அதற்குச் சான்று. சாறிச் சட்டைக்குக் கையை மாற்றிப் பொருத்திவிட்டால், துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக நூலை அறுத்து, ஓட்டைகள் தெரியாதபடி நீவி, மறுபடி தைத்து முடிக்க முதல் தைத்ததைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். களைத்த பின் மெஷினில் இருக்கும் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலம் வருமானம் தருவதில்லை. மறுநாள் காலையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் நீங்கள் சம்பளத்துக்கு நின்றிருந்தால், 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உங்கள் வேலையை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்து, வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் தந்திருக்கும். வீட்டில் நீங்களே முதலாளி, நீங்களே தொழிலாளி என்பதால் அந்த எல்லையைப் போட்டுத்தர ஒருவருமில்லை. அதை நீங்களேதான் போட வேண்டும். வேலை முடிந்த பின் ஓய்வு என்று காத்திருந்தால் அது வரவே வராது, ஏனென்றால் வீட்டு வேலைக்கு முடிவு என்று ஒன்றில்லை.

முதலில் தோள்மூட்டைப் பார்ப்போம். துணியைப் பிடித்தபடி கைகளையும் கழுத்தையும் ஒரே நிலையில் வைத்திருக்கும்போது தசைகள் இறுகியபடியே இருக்கின்றன, அவற்றுள் இரத்தவோட்டம் குறைகிறது, அதுவே உளைவாகிறது. கிட்டப் பார்க்கும் வேலையில் கண் இமைப்பதும் குறைவதால் கண் உலர்ந்து எரியும். இதற்கு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பொபினில் நூல் தீரும் ஒவ்வொரு தடவையும், புதிய பொபினை மாட்டுவதற்கு முன் எழுந்து கிணற்றடி வரை போய், தோள்களைச் சுழற்றி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, வேலிக்கு அப்பாலுள்ள பனைவட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த இடைவெளியில் கைத்தொலைபேசியைத் தொடாதீர்கள். வட்ஸ்அப் பார்ப்பதும் கிட்டப் பார்க்கும் வேலைதான், கழுத்தும் அதே குனிவில்தான் இருக்கும்.

அடுத்தது மதியம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் உடல் இயல்பாகவே சோர்கிறது. சாப்பாடு அதைக் கூட்டலாம் என்றாலும், உடலின் உள்மணிக்கூடே அதற்கு முக்கிய காரணம். நீண்டதூர விமானிகளிடம் நாசா நடத்திய ஓர் ஆய்வில், பறப்பின் நடுவே 40 நிமிட ஓய்வு கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 26 நிமிடம் உறங்கினார்கள். ஓய்வு கிடைக்காதவர்களைவிட அவர்களுடைய விழிப்பும் செயல்வேகமும் மேலாக இருந்தன. உங்களுக்கு விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையும் இருபது நிமிடமும் போதும். அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய், எழும்பும்போது தலை பாரமாக இருக்கும். உறக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிடப்பது வீணாகாது.

மாமியின் கண்டிப்பிலும் ஓர் உண்மை இருக்கிறது. எங்கள் பெரியவர்கள் கடுமையாகத் தடுத்தது விளக்கு வைக்கும் நேரத்து உறக்கத்தை. பொழுதுபடும் நேரம் படுத்தெழும்பினால் இராத்தூக்கம் கெடும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒத்துக்கொள்கிறது. மதியத்து இருபது நிமிடத்துக்கும் அந்தத் தடைக்கும் பகையில்லை என்று மாமிக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனாலும் பகல் ஓய்வு இராத்தூக்கத்துக்கு ஈடாகாது. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். உங்களுக்கு ஆறுகூடக் கிடைப்பதில்லை. பின்னேரம் நான்கு மணித் தேத்தண்ணியே அன்றைய கடைசியாக இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு மெஷினை மூடிவிடுங்கள். நல்லூர்த் திருவிழா, தீபாவளி, ஆவணிக் கலியாணங்கள் என்று வேலை குவியும் காலத்தில், தவணை நாளைத் தள்ளிச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தைத்த சட்டைக்காக ஆட்கள் பொறுத்திருப்பார்கள். விடியற்காலைத் தேங்காய் திருவும் வேலையைக் கணவரும், உடுப்புக் காயவிடுவதைப் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்வது நியாயம், கேட்கத் தயங்காதீர்கள்.

இப்படி ஒரு மாதம் இருந்தும் களைப்பு மாறாவிட்டால், வைத்தியரிடம் காட்டி இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண்களின் ஓயாத களைப்புக்கு இவை இரண்டும் அடிக்கடி காரணமாகின்றன. இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது.

மதியத்தில் அளவு கொடுக்க வருபவர்களிடம் "மூன்று மணிக்கு வாருங்கோ" என்று சொல்லும் பொறுப்பை மாமியிடமே கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஓய்வுக்குக் காவல் இருக்க அவரைவிடப் பொருத்தமானவர் அந்த வீட்டில் இல்லை.