கரன்ட் போனதும் படுத்துவிட்ட பில்லிங் டேட்டாபேஸ்: பணம் கொடுக்கும் முன்

கேள்வி: மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பில்லிங், எக்ஸாம்ப் என்ற இலவச சர்வர் தொகுப்பில் ஓடுகிறது. நேற்று கரன்ட் போய் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. இப்போது எக்ஸாம்ப்பின் கன்ட்ரோல் பேனலில் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லுக்கு ஸ்டார்ட் கொடுத்தால், ‘ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றுவிடுகிறது. சாஃப்ட்வேர் போட்டவர் டேட்டா மொத்தமும் போய்விட்டது, மீட்க 15 ஆயிரம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். அந்தச் சிவப்பு வரிக்கு ‘நின்றுவிட்டது’ என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. மைஎஸ்கியூஎல்லுக்கான 3306 என்ற போர்ட்டை (இணைப்பு வாசலை) வேறு புரோகிராம் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதே வரிதான் வரும்.

முதல் வேலை, ஸ்டார்ட்டை மறுபடி மறுபடி அழுத்துவதை நிறுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் டேட்டாபேஸ் புரோகிராமான மைஎஸ்கியூஎல்டி ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு, எக்ஸாம்ப்புக்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் டேட்டா என்று இருக்கும் ஃபோல்டரை முழுசாக ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். உங்கள் கடை பெயரில் உள்ள ஃபோல்டர் மட்டும் போதாது. வெளியே கிடக்கும் ஐபிடேட்டா1, ஐபிலாக்ஃபைல் எல்லாமே வேண்டும். யார் வந்து கை வைப்பதானாலும் இதற்குப் பிறகுதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், யூடியூபில் சுற்றும் ‘இரண்டே நிமிட’ வைத்தியம். டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பேக்கப் ஃபோல்டரை அந்த இடத்தில் வைக்கச் சொல்வார்கள். பேக்கப் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது எக்ஸாம்ப் போட்ட அன்றைக்கு வந்த வெறும் ஃபோல்டர், உங்கள் பில் ஒன்றுகூட அதில் இருக்காது. கடை ஃபோல்டரை அதற்குள் ஒட்டிவிட்டு ஐபிடேட்டா1-ஐ மறந்தால் டேபிள் பெயர்கள் வரிசையாகத் தெரியும்; தொட்டால் ‘டஸின்ட் எக்ஸிஸ்ட் இன் எஞ்சின்’ என்று வரும். பில் வரிகள் ஐபிடி கோப்புகளில் இருக்க, எந்த டேபிள் எங்கே என்ற பதிவேடு ஐபிடேட்டா1-இல் இருக்கிறது. லாக்ஃபைலை அழிக்கச் சொல்வது இன்னும் மோசம். டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் லாக்கில் எழுதி, பிறகுதான் டேபிளுக்குக் கொண்டுபோகும். கரன்ட் போன நேரத்துக் கடைசி பில்கள் அந்த லாக்கில் மட்டுமே இருக்கலாம். அடுத்த தடவை எழும்போது அதைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். பல நேரம் அதுவே போதும், சில நிமிடம் பிடிக்கும். நடுவில் கொன்றுவிடாதீர்கள்.

அடுத்து டேட்டா ஃபோல்டரில் உள்ள மைஎஸ்கியூஎல் எரர் லாக்கை (பிழைக் குறிப்பு, மேலே சொன்ன லாக் அல்ல) நோட்பேடில் திறந்து கடைசி இருபது வரியைப் படியுங்கள். ‘ஏரியா ரெக்கவரி ஃபெயில்ட்’ என்று இருந்தால் பெரும்பாலும் பில்லுக்கு ஆபத்தில்லை. எக்ஸாம்ப் மைஎஸ்கியூஎல் என்று பெயர் போட்டுத் தருவது மரியாடிபி. அதன் யூசர், பாஸ்வேர்டு டேபிள்கள் ஏரியா என்ற சேமிப்பு வகை. மைஎஸ்கியூஎல் என்ற உள்ஃபோல்டரில் உள்ள எம்ஏஐ கோப்புகள் மீது ஏரியா_சிஎச்கே கட்டளையை மைனஸ் ஆர் சேர்த்து ஓட்டி, ஏரியா_லாக் கோப்புகளை வேறு இடத்துக்கு நகர்த்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

இன்னோடிபி (டேபிள்களைச் சேமிக்கும் வழக்கமான எஞ்சின்) பேஜ் கெட்டுப்போனதாக எரர் லாக் சொன்னால், செட்டிங்ஸ் உள்ள மை.இனி கோப்பில் மைஎஸ்கியூஎல்டி பகுதியின் கீழ் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி என்பதை 1 என்று வையுங்கள். எழவில்லையா, 2. பிறகு 3. அதோடு நிறுத்துங்கள், 4 முதல் 6 வரை டேட்டாவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. எடுத்த எடுப்பில் 6 போடுகிறவரை உள்ளே விடாதீர்கள். எழுந்ததும் பில் போட உட்கார்ந்துவிடாமல் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையால் உங்கள் டேட்டாபேஸை ஒரே எஸ்கியூஎல் கோப்பாக எடுங்கள். மேலே திட்டிய பேக்கப் ஃபோல்டருக்கு இப்போதுதான் வேலை: அதன் நகலைப் புது டேட்டா ஃபோல்டராக வைத்து, மை.இனியில் சேர்த்த வரியை நீக்கி, கோப்பை இம்போர்ட் செய்யுங்கள். சாஃப்ட்வேருக்கான யூசரையும் மறுபடி உருவாக்க வேண்டும்.

டேட்டாபேஸைத் திரையில் கையாளும் பிஎச்பிமைஅட்மினில் ‘ரிப்பேர் டேபிள்’ என்று ஒரு பட்டன் இருக்குமே என்பீர்கள். இன்னோடிபிக்கு அது எதுவும் செய்யாது, இந்த எஞ்சினுக்கு ரிப்பேர் இல்லை என்று சொல்லிவிடும். ஒரு விலக்கு உண்டு. பழைய பில்லிங் சாஃப்ட்வேர் சில இன்னும் மைஐஸம் என்ற பழைய வகை டேபிளில் ஓடுகின்றன. கடை ஃபோல்டரில் எம்ஒய்டி, எம்ஒய்ஐ என்று முடியும் ஜோடிக் கோப்புகள் தெரிந்தால் அந்த வகை. எம்ஒய்டியில் பில், எம்ஒய்ஐயில் இன்டெக்ஸ். அதிகம் கெடுவது இன்டெக்ஸ்தான், அதைப் பில்லிலிருந்து திரும்பக் கட்டிவிடலாம். இங்கே ரிப்பேர் பட்டன் நிஜமாகவே வேலை செய்யும். மைஐஸம்சிஎச்கே கட்டளையில் செய்வதானால் டேட்டாபேஸ் நின்றிருக்கும்போது மட்டும். ஓடும்போது செய்தால் இருப்பதும் கெடும். மைஐஸமுக்கு முன்சொன்ன லாக் வசதி கிடையாது, எனவே ஒன்றிரண்டு வரி தொலைந்திருக்கலாம். பாதி ஃபோல்டர் ஐபிடி, பாதி எம்ஒய்டி என்று கலந்திருந்தால் அந்தந்த டேபிளுக்கு அந்தந்த வைத்தியம்.

எல்லாம் எழுந்த பிறகு கடைசியாக அச்சடித்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதே எண் திரையில் இருக்கிறதா, தொகை சரியா, ஸ்டாக் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டவற்றைக் கார்பன் காப்பி பார்த்து ஏற்றுங்கள்.

எக்ஸாம்ப் சோதனைக்கானது, நிஜ வியாபாரத்தை ஓட்ட அல்ல என்று அதைத் தருபவர்களே சொல்கிறார்கள். ஜிஎஸ்டி சட்டமோ ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் எக்ஸாம்ப்பைப் போட்டு, பேக்கப் ஏற்பாடு செய்யாமல், டேட்டாபேஸின் ரூட் (தலைமை) பாஸ்வேர்டையும் தன் பையில் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஏஎம்சி வாங்குகிறார். கரன்ட் போனால் அதற்கும் தனி பில். கடைசி டம்ப் எந்தத் தேதியில் எடுத்தது, எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். பதில் வந்த பிறகு 15 ஆயிரத்தைப் பற்றிப் பேசலாம்.