நெடுந்தீவை வரைவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் நெடுந்தீவில் பிறந்தவன். வயது 24. இப்போது யாழ்ப்பாணத்தில் வேலை, மாதத்தில் இரண்டு தரம் வீட்டுக்குப் போய்வருவேன். யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையலாம் என்ற இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்துவிட்டு எங்கள் தீவை அதில் தேடினேன். பெரிய வீதிகள் இருக்கின்றன, எங்கள் வீட்டு ஒழுங்கை இல்லை. இதைச் சொன்னதும் கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெடியன்கள் "சட்டலைட் படத்தைப் பார்த்து ஒரு கிழமையில முழுத் தீவையும் கீறித் தாறம்" என்கிறார்கள். அப்பா "கூகிளில இருக்குத்தானே, ஏன் மினக்கெடுறாய்" என்கிறார். ஊரில் ஒன்றிரண்டு பெரியவர்கள், காணிகளை யாராவது பார்த்து வைத்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறார்கள். எனக்கு ஆசை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் விளங்கவில்லை. நண்பர்கள் நான்கைந்து பேர்தான் இருக்கிறோம், போதுமா?

அன்புடன்,
நெடுந்தீவு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

(வயதைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் தம்பி.)

கனடாத் தம்பிகள் 'கீறித் தருகிறோம்' என்று சொன்னதைப் படித்துக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் முள்தான் கீறும். படத்தைக் கீறுவது என்பது அழகாகத்தான் இருக்கிறது, இனி நானும் அப்படியே சொல்லப்போகிறேன். ஆனால் அவர்கள் சொல்வதில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏன் பாதி என்று சொல்ல ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும்.

இந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்தார். அங்கே அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயிடம் அருமையான வரைபடங்கள் இருந்தன, ஆனால் அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்தக் காசு, காப்புரிமை, ஆயிரத்தெட்டு நிபந்தனை. சரி, நாமே நடந்து வரைவோம் என்று கிளம்பியவர்கள் முதல் பெரிய முயற்சிக்குத் தேர்ந்தெடுத்தது ஒரு தீவைத்தான். ஐல் ஆஃப் வைட், 2006 மே 5 முதல் 7 வரை, மூன்றே நாள். முப்பது நாற்பது பேர் ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு படகேறிப் போய், சைக்கிளிலும் காரிலும் கால்நடையாகவும் தெருத்தெருவாகச் சுற்றி, சுற்றிய தடத்தைக் கணினியில் ஏற்றி, அதன்மேல் கோடு போட்டு, பெயர்ப்பலகைகளைக் குறித்துக்கொண்டு வந்ததை எழுதினார்கள். தீவென்றால் ஒரு வசதி உண்டு, வேலை எங்கே முடிகிறது என்று தெரியும். நிலப்பகுதியில் ஒரு ஊரை வரைய ஆரம்பித்தால் அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று போய்க்கொண்டே இருக்கும். தீவில் கடல் வந்து நிறுத்திவிடும்.

அந்தத் தீவின் பரப்பு சுமார் 380 சதுர கிலோமீட்டர். உங்களுடையது ஏறத்தாழ 50. ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. நான்கைந்து பேர் தாராளமாகப் போதும், மூன்று நாளில் முடிக்க வேண்டும் என்ற அடம் மட்டும் வேண்டாம்.

இதில் நான் சொல்ல வந்தது வேறு. அன்றைக்கு அவர்கள் கையில் பார்த்து வரையத் தகுந்த வான்படம் எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் போய் நின்றே ஆக வேண்டியிருந்தது. இப்போது படம் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே உலகத்தை வரையலாம். 2010இல் ஹெய்ட்டியில் பூகம்பம் வந்தபோது உலகம் முழுக்க இருந்தவர்கள் அப்படித்தான் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தை ஒரு சில நாளில் வரைந்து கொடுத்தார்கள், மீட்புக்குப் போனவர்களுக்கு அது உதவியது. ஆகவே படத்தைப் பார்த்து வரைவதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் பாதை மாதிரியே தெரியும்.

என் கதையையே சொல்கிறேன். நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரை அடுத்துத் தேரிக்காடு, செம்மணல் மேடு. சில வருடம் முன்னால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊரை வரைந்தபோது, தேரிக்குள்ளே ஒரு வெளிர்கோடு பளிச்சென்று போவதைப் பார்த்து 'ரோடு' என்று போட்டுவிட்டேன். ஆடு போகிற தடம் அது. அடுத்த வருடம் கோயில் கொடைக்கு வந்த என் மச்சான், இருட்டில், இந்த வரைபடத்தில் ஓடும் ஒரு ஆப்பை நம்பிக் காரை அதில் விட்டுவிட்டார். அச்சு வரைக்கும் மணலில் இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் கொடையில் பாதி முடிந்துபோனது. இன்றும் வீட்டு விசேஷங்களில் அந்த இடத்துக்குப் பெயர் "அத்தான் போட்ட ரோடு".

உங்கள் கடிதம் வந்த இரவு நெடுந்தீவின் வான்படத்தைத் திறந்து பார்த்தேன். பவளக்கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உங்கள் ஊர் மதில்கள், மேலிருந்து மெல்லிய சாம்பல் கோடுகளாகப் பின்னிக் கிடக்கின்றன. இரண்டு மதிலுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அது ஒழுங்கையாக இருக்கலாம், யாரோ ஒருவருடைய காணியின் நீட்சியாகவும் இருக்கலாம், உங்கள் தீவில் திரியும் குதிரைகள் மட்டும் போகிற வெளியாகவும் இருக்கலாம். டொராண்டோவிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே அவர்களிடம் கூரைகளையும் கடற்கரையையும் சந்தேகமே இல்லாத வீதிகளையும் கொடுங்கள். ஒழுங்கைகளை நீங்கள் நடந்து போடுங்கள். போனில் தடத்தைப் பதிவு செய்துகொண்டு நடந்தால் போதும். போடும்போது சைக்கிள் போகுமா, மோட்டார் சைக்கிள் போகுமா, தரை மணலா கல்லா என்பதையும் சேர்த்துப் போடுங்கள், அதற்கெல்லாம் தனித்தனி இடம் இருக்கிறது. நான் அன்றைக்கு 'மணல்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் மச்சான் தப்பித்திருப்பார்.

கடற்கரை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, கனடாக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்த வரைபடத்தில் கரைக்கோட்டுக்குத் திசை உண்டு. கோடு போகும் திசையில் நிலம் இடப்பக்கமும் கடல் வலப்பக்கமும் இருக்க வேண்டும். நாம் கோயிலை வலம் வந்து பழகியவர்கள், சாமி வலக்கைப் பக்கம்தான் இருக்கும். தீவை அதற்கு நேர் எதிராகச் சுற்ற வேண்டும், இடமாக. மாற்றிச் சுற்றினால் கணினியின் கணக்கில் தீவு கடலாகிவிடும், கடல் தரையாகிவிடும். இப்போது இதைச் சோதிக்க நிரல்கள் இருக்கின்றன, சந்தேகம் வந்தால் பழைய கரையையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் கரையைத் திருத்திவிட்டு "தெரியவில்லையே, தெரியவில்லையே" என்று திரும்பத் திரும்பத் திருத்தாதீர்கள். கரை மட்டும் மெதுவாகத்தான் மாறும், சில நாள் பொறுங்கள்.

அப்புறம் பெயர்கள். உங்களுக்கு இதில் ஆர்வம் அதிகமிருக்கும் என்று நினைக்கிறேன். டச்சுக்காரர்கள் வந்தபோது யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டித் தங்கள் வரைபடத்தில் எழுதிக்கொண்டார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், அனலைதீவு ராட்டர்டாம், நயினாதீவு ஹார்லம், உங்களுடையது டெல்ஃப்ட். மற்றவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன, டெல்ஃப்ட் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் படம் போட்டாரோ அவர் பெயர் வைத்தார், அவ்வளவுதான். இங்கே நிலைமை கொஞ்சம் நல்லது. ஒரே இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு, பழைய பெயருக்கும் மாற்றுப் பெயருக்கும்கூட உண்டு. ஒன்றை எழுத இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை. யாராவது அழித்தால் யார் எப்போது அழித்தார் என்பதும் வரலாற்றில் நிற்கும்.

இதிலும் ஒரு ஆசை வரும், எச்சரிக்கிறேன். பெயரில்லாத ஒழுங்கைக்கு நாமே பெயர் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். தரையில் என்ன இருக்கிறதோ அதுதான் படத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே அடிப்படை விதி. பலகை இருந்தால் பலகை, பலகை இல்லாவிட்டால் ஊர் வாய். ஊர் வாயிலும் பெயர் இல்லையென்றால் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பெரியவர்களிடம் கேட்கப் போகும்போது போனை நீட்டாதீர்கள். ஃபீல்ட் பேப்பர்ஸ் என்ற தளத்தில் உங்கள் பகுதியைத் தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். அதையும் ஒரு பென்சிலையும் கொடுங்கள். போன் திரையை வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "எனக்குத் தெரியாதப்பா" என்று சொல்லும் அதே ஆள், தாளைத் தரையில் விரித்தால் உட்கார்ந்துவிடுவார்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. கூகிளில் இருக்கிறதுதான். ஆனால் அதில் நீங்கள் சேர்ப்பது அவர்கள் சொத்தோடு சேர்ந்துவிடும், நாளைக்குத் தீவின் படம் முழுவதையும் தரவாகக் கொடு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய சுவர்ப்படம் அச்சடிக்க வேண்டும் என்று கேட்டால் தரமாட்டார்கள். இங்கே போட்டதை யாரும் முழுதாக இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம், எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், தரவைத் திருத்தி வெளியிட்டால் திருத்தியதையும் அதே உரிமத்தில் எல்லோருக்கும் தர வேண்டும். 2012 முதல் இருக்கிற உரிமம் இதுதான். ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஆப்பில் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும்.

ஆனால் அப்பாவிடம் உரிமத்தைப் பற்றிப் பேசாதீர்கள், எங்கள் வீட்டிலேயே அது எடுபடவில்லை. கிணறுகளைக் காட்டுங்கள். நல்ல தண்ணீர் அரிதான தீவு உங்களுடையது. எந்தக் கிணறு குடிக்கும் தண்ணீர், எது உவர், எது மழைக்காலத்தில் மட்டும் வாயில் வைக்கலாம், எது இடிந்து கிடக்கிறது என்பதை எந்தக் கம்பெனியும் ஆள் அனுப்பிக் குறித்துக்கொண்டு போகப்போவதில்லை, அதில் அவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இங்கே கிணறு என்று ஒரு புள்ளி வைத்தால், குடிக்கலாமா என்பதற்கு 'ஆம், இல்லை' என்று ஒரு கட்டம் கூடவே உண்டு. பருவத்தைக் குறிப்பதற்கும் இடம் இருக்கிறது. தனியார் வளவுக்குள் இருக்கும் கிணறு என்றால் தனியார் என்றே போடுங்கள், இல்லாவிட்டால் சுற்றுலா வந்தவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நிற்பார்.

பெரியவர்களின் காணிப் பயத்துக்கும் பதில் இருக்கிறது. இந்த வரைபடத்தில் எது யாருடைய காணி என்று எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. வேலி தெரிந்தால் வேலி, மதில் தெரிந்தால் மதில், அத்தோடு சரி. வீட்டுக்காரர் பெயரை எழுத வேண்டாம். கச்சத்தீவும் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் வருகிறது. ஆனால் முதல் நாளே அங்கே கை வைக்காதீர்கள். அதைப் பற்றி நான் இங்கே இன்னொரு வரி எழுதினாலும் இரண்டு கரையிலிருந்தும் ஐம்பது கடிதம் வரும்.

கடைசியாக, கூகிளைப் பார்த்து எதையும் நகல் எடுக்க வேண்டாம். ஒரு ஒழுங்கையின் பெயரைக்கூட. இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் படத்தைப் பார்த்துத் தன் படங்களை வரைந்ததற்காக 2001இல் 2 கோடி பவுண்டு கொடுக்க ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. உங்களிடம் யாரும் பவுண்டு கேட்கப் போவதில்லை, ஆனால் தெரிந்தால் நீங்கள் போட்டது அத்தனையும் கழற்றப்படும். வான்படம் வேண்டுமானால் வரையும் பக்கத்திலேயே அனுமதி பெற்ற படங்கள் இருக்கின்றன, அவை போதும்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு போன் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆப். நடந்துபோகும்போது "இந்தப் பாதையின் தரை என்ன?" என்று அதுவே கேட்கும், பதிலைத் தட்டினால் போதும். புதிதாகப் புள்ளி வைக்க எவ்ரி டோர் என்ற ஆப். கோடு வரைய வீட்டுக்கு வந்து கணினியில் உட்காருங்கள், தளத்திலேயே வரையும் வசதி இருக்கிறது.

அடுத்த தரம் குறிகாட்டுவானில் படகேறும்போதே பதிவை ஓடவிடுங்கள். ஊருக்குள் போனதும் முதல் புள்ளியை உங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் அள்ளுகிற கிணற்றில் வையுங்கள். வைத்துவிட்டு இணைப்பை அனுப்புங்கள், சரியாக வந்திருக்கிறதா பார்த்துச் சொல்கிறேன். ஒரு உதவியும் வேண்டும். உங்கள் பக்கம் கிணறு, கேணி, துரவு என்று மூன்று சொல் புழங்குவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். துரவு என்பது கட்டாத கிணறா, குளம் மாதிரியா? எந்தக் குறியின் கீழ் போடுவது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்
அண்ணா