ரியல் எஸ்டேட் ப்ரொஃபஷனல் ஸ்டேட்டஸுக்கு மணிக்கணக்கு எப்படி எழுதி வைக்கிறது?

டெக்சாஸ்ல மூணு வாடகை வீடு, வொய்ஃப் வேலைய விட்டுட்டு அதைத்தான் பாத்துக்கறாங்க, ஆடிட் வந்தா என்ன காட்டணும்னு கேட்டிருக்கீங்க.

ரியல் எஸ்டேட் ப்ரொஃபஷனல் ஸ்டேட்டஸ்ங்கறது அமெரிக்க வருமான வரியில வாடகை நஷ்டத்தை மத்த வருமானத்துல கழிச்சுக்க உதவற தகுதி. அது கிடைக்க ரியல் எஸ்டேட் வேலை வருஷத்துக்கு 750 மணி நேரத்துக்கு மேல, அதோட அவங்க செய்யற மொத்த வேலையில பாதிக்கு மேல ரியல் எஸ்டேட்டா இருக்கணும், இது ரெண்டையும் ஒருத்தரே பாஸ் பண்ணணும், உங்க மணியையும் கூட்டி 750 காட்ட முடியாதுங்க. மெட்டீரியல் பார்ட்டிசிபேஷனுக்கு (அந்த வாடகை வேலையில நேரடியா, தொடர்ந்து ஈடுபடறதுக்கு) மட்டும் ரெண்டு பேர் நேரத்தையும் சேத்துக்கலாம். மூணு வீட்டையும் ஒண்ணா கணக்கெடுக்கச் சொல்லி டாக்ஸ் ரிட்டர்னோட எலெக்‌ஷன் ஸ்டேட்மென்ட் (இப்படித் தேர்ந்தெடுக்கறோம்னு எழுதுன அறிக்கை) வச்சிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா நிரூபிக்கணும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்.

லாக் (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம்ங்கற குறிப்பு) அன்னன்னைக்கே எழுதணும். "மார்ச் 4, ரெண்டாவது வீடு, ப்ளம்பர் கூட நின்னு வாட்டர் ஹீட்டர் மாத்துனது, 10:15 டு 12:30", இப்படி. கூடவே அந்த ப்ளம்பர் பில்லு, டெனன்ட்டுக்கு அனுப்புன டெக்ஸ்ட் எல்லாம் சேத்து வைங்க. "வாரம் 15 மணி நேரம்"னு வருஷக் கடைசியில உக்காந்து குத்துமதிப்பா எழுதுனத டாக்ஸ் கோர்ட் எத்தனையோ கேஸ்ல தள்ளியிருக்கு. தினசரி வேலையில இல்லாம சும்மா கணக்கு அறிக்கை பாத்த நேரம், புது வீடு தேடி ஆன்லைன்ல மேஞ்ச நேரம் இதெல்லாம் முதலீட்டாளர் வேலைன்னு கழிச்சுடுவாங்க, தயவுசெஞ்சு அதையும் சேத்து 750 வந்துடும்னு நம்பிடாதீங்க.