தீவனத்தில் ஒரு மருந்து, ரிப்போர்ட்டில் ஐந்து 'ஆர்'

கேள்வி: எனக்கு வயது 38. கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே காய்ச்சல். சிறுநீர் கல்ச்சர் டெஸ்டில் ஈ.கோலை என்ற பாக்டீரியா என்று வந்தது. ஐந்து மருந்துகளுக்கு நேராக 'ஆர்', அதாவது அந்த மருந்துகளுக்குக் கிருமி அடங்காது. நான் சில வருடங்களாக ஆண்டிபயாடிக் சாப்பிட்டதே இல்லை. கோழித் தீவனத்தில் டெட்ராசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக் மட்டும்தான் கலக்கிறோம். அதனால் வந்திருக்குமா? கோழிக்கறியில் மருந்து தங்கியதால் இருக்குமா?

பதில்: முதலில் உங்கள் சிகிச்சை. காய்ச்சல் இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். ரிப்போர்ட்டில் 'எஸ்' (கிருமி அடங்கும்) என்று போட்டிருக்கும் மருந்துகளில் உங்களுக்கு ஏற்றதை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். பண்ணை மருந்தை எடுத்து நீங்களே சாப்பிட்டுவிடாதீர்கள். சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

சரி, பண்ணைக்கு வருவோம். இந்தக் கிருமி அங்கிருந்துதான் வந்தது என்று ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவமனையிலோ, வீட்டில் இன்னொருவரிடமிருந்தோ தொற்றியிருக்கலாம். ஆனால் ஒரே மருந்துதானே கலக்கிறோம் என்ற நிம்மதி வேண்டாம்.

மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பல, பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பது வேறு இன பாக்டீரியாவாக இருந்தாலும் இந்த வளையத்தின் நகல் அதற்குப் போய்ச் சேரலாம். இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களும் உண்டு. அவை ஒவ்வொன்றாக அதே வளையத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். நாளடைவில் அது ஒரு சாவிக்கொத்து. ஒரு சாவி தேவைப்பட்டால் கொத்து முழுவதும் கூடவே வரும். தினமும் டெட்ராசைக்ளின் போகும் குடலில் அதை எதிர்க்கும் பாக்டீரியாவே பிழைக்கும். கோழி கண்ணால்கூடப் பார்க்காத மருந்துகளுக்கான எதிர்ப்பும் அதோடு சேர்ந்து பெருகும். தீவனத்தில் அதிகமாகச் சேர்க்கும் துத்தநாகம், தாமிரம்கூட இதற்குத் துணைபோகும்.

டென்மார்க் அனுபவம் இதை நன்றாகக் காட்டுகிறது. வான்கோமைசின் என்ற ஆண்டிபயாடிக்குக்கு உறவான அவோபார்சினைத் தீவனத்தில் கலப்பதை 1995-இல் தடை செய்தார்கள். வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா கோழிகளில் குறைந்தது, பன்றிகளில் குறையவில்லை. காரணம், பன்றிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துவந்த டைலோசின் என்ற இன்னொரு ஆண்டிபயாடிக். இரண்டு மருந்துகளுக்குமான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தன. 1998-இல் டைலோசின் பயன்பாட்டையும் வெட்டிய பிறகுதான் பன்றிகளிலும் இறங்கியது.

மனிதருக்கு வருமா என்றால், வரும். ஸ்டூவர்ட் லெவி என்ற விஞ்ஞானியின் குழு 1976-இல் வெளியிட்ட அமெரிக்கப் பண்ணை ஆய்வில், டெட்ராசைக்ளின் தீவனம் தொடங்கிய ஒரே வாரத்தில் கோழிகளின் குடல் பாக்டீரியா எதிர்ப்பு பெற்றுவிட்டன. சில மாதங்களில் பண்ணையில் வசித்தவர்களிடமும் அது தெரிந்தது. இப்படிப்பட்ட ஈ.கோலை குடலில் சும்மா கிடக்கும். சிறுநீர்ப் பாதைக்கு ஏறும்போதுதான் தொல்லை.

கறியில் தங்கும் மருந்து வேறு விஷயம், இங்கே பேசுவது கறியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைப் பற்றி. நன்றாக வெந்த கறியில் இந்தப் பாக்டீரியா செத்துவிடும். கவனிக்க வேண்டியது பச்சைக்கறி வெட்டிய கத்தி, பலகை, கழுவும்போது தெறிக்கும் தண்ணீர். உங்களுக்கு இதைவிடக் கோழி எச்சமும் கொட்டகைத் தூசியும்தான் முக்கியம். பண்ணைக்குத் தனிச் செருப்பு, உடை வையுங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நோயுற்ற கோழிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதை நிறுத்திவிடுங்கள். எதிர்ப்பு உடனே மறையாது, மெல்லத்தான் குறையும். அடுத்த முறை எந்தத் தொற்றுக்குப் போனாலும் பண்ணையில் வேலை செய்வதைச் சொல்லி, இந்த ரிப்போர்ட்டையும் காட்டுங்கள்.