ஸ்கேனில் தெரிந்த வெண்திட்டு

கேள்வி: 2020-இல், கொரோனா காலத்தில், புற்றுநோய்க்காக என் அக்காவுக்கு எடுத்த பெட்-சிடி ஸ்கேனில் (உடலில் குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் படம்), இருமலோ காய்ச்சலோ இல்லாதபோதே நுரையீரலில் திட்டுகள் தெரிந்தன. புற்றுநோய் பரவிவிட்டதோ என்று நடுங்கிப்போனோம். அது என்னவாக இருக்கும்?

பதில்: உங்கள் நடுக்கம் இயல்பானதே. பனி படிந்த கண்ணாடி போல மங்கலான திட்டுகள் இரு நுரையீரல்களின் வெளியோரங்களில் இருந்தால், அறிகுறி இல்லாதவரிடமும் கொரோனாவை ஐயுற வேண்டும். பரவிய புற்றுநோயோ பெரும்பாலும் விளிம்பு தெளிந்த உருண்டைக் கட்டிகளாகத் தெரியும். கொரோனாவால் அழற்சியுற்ற இடமும் குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சி, பெட் படத்தில் புற்றைப் போலவே ஒளிர்வதுதான் குழப்பத்தின் வேர். கதிர்வீச்சுச் சிகிச்சையும், உடலின் எதிர்ப்பாற்றலைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியும்கூட இத்தகைய தோற்றத்தைத் தரலாம். ஆகவே கொரோனாவைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்து, முந்தைய ஸ்கேனுடன் ஒப்பிட்ட பிறகே, அடுத்த கீமோவைத் தள்ளிவைப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பார்.