போர்க்காலத்தில் ஒரு சிற்றூர் எப்படி வாழ்ந்தது என்பதை ஆராய எங்கிருந்து தொடங்குவது?

இலங்கை உள்நாட்டுப் போரின்போது ஒரு சிறிய ஊரின் அன்றாட வாழ்க்கையை ஆராய விரும்புவதாகவும், யாரிடம் எதைக் கேட்பதென்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடுப்படியிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

திருகோணமலை நகரில் வசிக்கும் நான், மூதூருக்கு அருகிலுள்ள சம்பூரில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மாவின் கதையை எழுத முற்பட்டு, முதல் மூன்று சந்திப்புகளையும் வீணாக்கினேன். "போரில் என்ன நடந்தது?" என்று கேட்டதற்கு, 2006 ஏப்ரல் குண்டுவீச்சு, பிறகு இடம்பெயர்ந்து தங்கிய ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு, கடைசியில் கிளிவெட்டி முகாம் என்று, வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒழுங்கிலேயே சொல்லி முடித்துவிட்டார். நான்காம் முறை, முகாமில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். எழுந்துபோய்த் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். உள்ளே நிவாரண அட்டை: அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்ற நிரல்களில் பேனையால் எழுதிய அளவுகள், மடிப்புகளில் கிழிசல். மூன்று வேளையும் ரொட்டி தின்ற பிள்ளைகள் சோறு கேட்டு அழுததையும், மாவில் ஒரு பங்கை விற்று மீன் வாங்கியதையும் அந்த அட்டையில் விரல் வைத்தபடியே சொன்னார். அந்த விற்பனை எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது.

ஆண்டுகளைக் கேட்டால் தடுமாறுவார்கள். சுனாமிக்கு முன்னா பின்னா, 2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்று அணையின் நீர்க்கதவை மூடியபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். பாடசாலையின் சேர்விடாப்பும் (பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு) வரவு இடாப்பும் கிடைத்தால், எந்த மாதம் பிள்ளைகள் வகுப்புக்கு வராமற்போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதை அவற்றோடு ஒப்பிடலாம். அதிபரின் அனுமதி இல்லாமல் இது நடக்காது; பொறுமை வேண்டும்.

ஊரின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடாதீர்கள். சம்பூர் விறகும் மீனும் விலைப்பட்ட மூதூர்ச் சந்தைக்கும் போக வேண்டும். 2006 ஆகஸ்டில் சண்டையால் கந்தளாய்க்கு ஓடிய மூதூர் முஸ்லிம் குடும்பங்களிடமும் இதே அடுப்புக் கேள்வியைக் கேட்க வேண்டும். பெண்களோடு பேசும்போது வீட்டு ஆண்கள் பக்கத்தில் இல்லாதிருப்பது நல்லது, ஏனெனில் அவர்கள் குறுக்கிட்டுக் கதையைச் சண்டைக்கே திருப்பிவிடுவார்கள். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கேளுங்கள். பெயரைக் குறிப்பேட்டில்கூட எழுதாதீர்கள்.

ஆவணங்களைப் படமெடுக்கும்போது இரு பக்கத்தையும் எடுங்கள். பெரியம்மாவின் அட்டையின் பின்புறத்தில், யாருக்கு எத்தனை சுண்டு அரிசி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்த கணக்கை நான் இரண்டு மாதம் கழித்தே பார்த்தேன்.